வில்லன் சோறு போடுவானா?

வில்லனாக நடிப்பவனுக்கு யாரும் கை தட்ட மாட்டார்கள், கன்னத்தில்தான் தட்டுவார்கள். உங்களில் யாராவது என்னைப் போல டிவியில் கெட்டவனாக வந்துவிட்டு, மறுநாள் காலையில் பால் வாங்கத் தெருவில் இறங்கியிருந்தால் இதற்குச் சாட்சி கேட்க மாட்டீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கன்னட போலீஸ் சீரியல் வந்துகொண்டிருந்தது. அதில் வெள்ளை வேனில் வந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகும் மாரா நான்தான். நிஜத்தில் நான் ஈஜிபுராவில் வாடகைக்குக் குடியிருந்த லேத் பட்டறைக்காரன். பொழுதுபோகாமல் கண்டோன்மெண்ட் பக்கம் தமிழ் நாடகங்களில் நடித்தவன். என்றைக்கோ தெறித்த இரும்புச் சீவல் ஒன்று புருவத்தில் தழும்பு போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் டைரக்டர், "இந்த மூஞ்சிக்கு மேக்கப்பே வேணாம்!" என்று துள்ளிக் குதித்தார். பெற்ற தாய் கேட்டிருந்தால் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

பஸ்ஸில் சிரித்தேன்

சிவாஜிநகர் பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு அம்மா, மடியில் குழந்தை. கொழுகொழுவென்று அழகாக இருக்கிறதே என்று பார்த்துச் சிரித்தேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார், குழந்தையைப் பக்கத்துச் சீட்டில் கொடுத்தார், குடையை எடுத்தார். என்ன ஏது என்று கேட்காமலே பின் சீட்டிலிருந்தும் நாலு கை வந்து சேர்ந்துகொண்டது. "வேஷம்மா, அதெல்லாம் வேஷம்!" என்று நான் கத்தக் கத்த அடி கூடியதே தவிரக் குறையவில்லை.

கண்டக்டர்தான் புண்ணியவான். என் காலரைப் பிடித்து இழுத்து அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, காதோடு சொன்னார்: "நீ நல்லவன்னு எனக்குத் தெரியும் குரு. ஆனா மாராவ பஸ்ஸுல ஏத்தினேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டி எனக்குச் சோறு போட மாட்டா."

பொய்ச் சட்டையின் பை

எனக்கு அடி என்றால், இன்ஸ்பெக்டராக நடித்த கிருஷ்ணப்பாவுக்கு மனு. மனுஷர் நிஜத்தில் ஒரு பேங்க் கிளார்க், கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பார். அவரைப் பார்த்ததும் ஜனங்கள் கும்பிடுவார்கள். தண்ணீர் வரவில்லை, புருஷன் குடிக்கிறான், சைக்கிள் தொலைந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு கஷ்டம் சொல்வார்கள். பாவம், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நழுவுவார்.

எங்கள் காக்கி உடுப்புகளை இஸ்திரி போட்டவள் கன்னியம்மா. எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள், சீரியல் உடுப்பு வேலையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தது நான்தான். அவளுடைய மகள் தேன்மொழி, எட்டு வயசு, சந்தாபுராவில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் காணாமல் போயிருந்தாள். பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. கன்னியம்மாவும் புருஷனும் தேடாத ஊரில்லை, வேண்டாத சாமியில்லை.

ஒருநாள் கிருஷ்ணப்பா உடுப்பை மாட்டும்போது சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தையின் போட்டோ. மறந்து வைத்துவிட்டாள் போல என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மடித்து வந்த சட்டையில் அது மறுபடி இருந்தது. "கன்னிம்மா, அவரு நெச இன்ஸ்பெக்டர் இல்லம்மா" என்றேன். தோளில் நட்சத்திரம் குத்துகிற இடத்தைச் சுருக்கம் போக அழுத்தித் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "தெரியும்ணா, தெனமும் தேய்க்கிறவளுக்குத் தெரியாதா? நெசச் சட்டைக்காரங்க கிட்ட குடுத்தாச்சு, எந்த ஃபைல்ல கெடக்குதோ. பொய்ச் சட்டையிலயாவது நெஞ்சுகிட்ட இருக்கட்டும்."

அதற்குப் பிறகு கிருஷ்ணப்பா அந்தப் போட்டோ பையில் இல்லாமல் கேமரா முன்னால் நின்றதே இல்லை.

கன்னியம்மா கேட்டது

மாரா ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும் கதை தொடங்கியது. அது ஒளிபரப்பான மறுநாள் வண்டிப் பக்கமே போகக்கூடாது என்று சுற்றுவழியில் போனேன். விதி, அவள் எதிரிலேயே வந்தாள். அடிக்கட்டும், துப்பட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். பஸ்ஸில் யாரோ அடித்ததையே வாங்கினேன், இவளுக்கு இல்லாத உரிமையா?

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. போலீஸ்காரங்க கிட்ட எல்லாம் கேட்டாச்சு. தூக்கினு போறவங்க கிட்டதான் கேக்கல. அந்த மாதிரி கொண்டு போற பசங்களுக்கு... சோறு போடுவீங்களா?"

நான் லேத் பட்டறைக்காரன் என்று அவளுக்குத் தெரியும். என் சட்டையையும்தான் அவள் தேய்க்கிறாள். இருந்தும் கேட்கிறாள், கேட்பதற்கு ஊரில் வேறு ஆள் இல்லை. "போடுவோம்மா. மூணு வேளையும் போடுவோம்" என்றேன், மாராவாகவே. அவள் முகம் கொஞ்சம் இளகியது. போகிற போக்கில் திரும்பி நின்று சொன்னாள்: "கொழம்பு காரமா வெக்காதீங்கண்ணா, அவளுக்கு ஆவாது."

தயிர்சாதம்

இதற்குப் பிறகு அடுத்த வாரத்துக் கதையைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண் குழந்தை செத்துப்போகிறது. ஏரிக்கரையில் உடம்பு கிடைக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் டைரக்டரிடம் நேராகப் போய், "காப்பாத்துங்க சார், இன்ஸ்பெக்டர் எதுக்கு இருக்கார், மீசைக்கா?" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. ஜனம் அழுதால்தான் அடுத்த வாரமும் வருவார்களாம். கடைசியில் கெஞ்சிக் கூத்தாடி ஒன்றே ஒன்று வாங்கினேன். சாவதற்கு முன்னால் மாரா அந்தக் குழந்தைக்குத் தயிர்சாதம் ஊட்டுகிற மாதிரி ஒரு ஷாட்.

ஏரிக்கரைக் காட்சியும் எடுத்தார்கள். அந்தக் குழந்தையாக நடித்த அம்மு என்கிற சுட்டிப் பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கிருஷ்ணப்பா பக்கத்தில் மண்டியிட்டார், பையில் போட்டோவோடு. அன்றைக்கு அவருக்கு கிளிசரின் தேவைப்படவில்லை. "கட்" சொன்ன பிறகும் கேமரா ஓடியது. எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு: பிணமாகப் படுத்தவர் எழுந்திருக்கும் முன்னால், படுத்தபடியே கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்தால்தான் சாவு ஒட்டாது என்று ஒரு நம்பிக்கை. அம்மு முன்பல் இரண்டும் இல்லாத வாயைத் திறந்து கெக்கேபிக்கே என்று சிரித்தாள்.

கன்னியம்மா இதைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்லி என் மனைவியை அனுப்பினேன். "இன்னிக்கு மாரா மாட்டுவான்னு சொல்றாங்கக்கா" என்று வர மறுத்துவிட்டாள். கேபிள்காரனைப் பிடித்து, ஒரு அரைமணி நேரம் எங்கள் தெரு ஒயரைப் பிடுங்கு என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்: "மாரா மாட்டுற அன்னிக்கு ஒயரப் புடுங்கினா, தெருவே சேர்ந்து என்னைக் கம்பத்துல கட்டிடும் சார்."

வராத போட்டோ

திங்கட்கிழமை வண்டியில் தார்ப்பாய் மூடியிருந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை உடுப்புகள் வந்தன, மடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. கிருஷ்ணப்பா சட்டைப் பையில் கை விட்டார். இன்னொரு பையிலும் விட்டார். பேன்ட்டை உதறினார். பிறகு என்னைப் பார்த்தார். பெற்றவளே தேடுவதை விட்டுவிட்டாள், விட வைத்தவன் நான். அப்படித்தான் தோன்றியது.

மாராவின் லுங்கியோடே ஓடினேன். கன்னியம்மா பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "தயிர்சாதம் போட்டீங்களே, பார்த்தேன்ணா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அம்முவைப் பற்றிச் சொன்னேன். அவள் செத்ததும் சிரித்ததை, பல் இல்லாத வாயை, சிரித்து முடித்ததும் பசிக்கிறது என்று பஜ்ஜி கேட்டு அடம்பிடித்ததை, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வண்டிக்கு அடியிலிருந்த தகர டப்பாவைத் திறந்து போட்டோவை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். அடுத்த நாளுக்குத் தேய்த்து வைத்திருந்த காக்கிச் சட்டையின் பையில் அதை வைத்துப் பித்தானைப் போட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தச் சிரிப்ப ஏண்ணா டிவில போடல?"

தேன்மொழி இன்று வரை வரவில்லை. குடையடி, சாணியடி, வசவு என்று இந்த ஊர் மாராவுக்குக் கொடுத்ததெல்லாம் ஆறிப்போய்விட்டது, கன்னியம்மா அடிக்காமல் விட்ட அடிதான் இன்னும் வலிக்கிறது.