தேய்த்துத் தேய்த்துத் தேய்ந்த பல்

அந்தப் பழரசத் தொழிற்சாலையில் அவளுக்கு நாக்கம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. எலுமிச்சையோ ஆரஞ்சோ, தொட்டியில் கலந்து முடித்ததும் ஒரு காகிதக் கோப்பை அவளிடம் வந்துவிடும். ஒரு வாய் எடுத்து, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டி, துப்பிவிட்டு, "புளிப்பு தூக்கல்" என்றால் தூக்கல்தான். புளிப்பை அளக்கிற மீட்டர் வேறு மாதிரி காட்டினால் மேலாளர் மீட்டரைத்தான் தட்டிப் பார்ப்பார்.

இத்தனை மதிப்பு இருந்தும் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பேசும்போதும் உதட்டை இறுக்கிக்கொண்டு, பிச்சை போடுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத்தான் விடுவாள். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாக்கும்" என்று பாட்டில் கழுவுகிற பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். திமிரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவமானம், அவ்வளவுதான்.

அவளுடைய முன்பற்கள் பாதியாகக் குறைந்திருந்தன. ஓரமெல்லாம் மெலிந்து, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குக் கண்ணாடியாகிவிட்டது. மேல்வெள்ளை போய் உள்ளே இருக்கிற மஞ்சள் தெரிந்தது. கடைவாய்ப் பற்களில் குழி விழுந்து, எந்தக் காலத்திலோ அடைத்த சிமெண்ட் மட்டும் மேடாக நின்றது. பல் கெட்டவள் என்றால் பல் துலக்காத அழுக்குப் பிண்டம் என்றுதான் அவள் சின்ன வயதிலிருந்து நினைத்து வந்தாள். அப்படி ஒரு பெயர் தனக்கு வந்துவிடக் கூடாது.

அதனால் தேய்த்தாள். சாற்றைத் துப்பிய கையோடு பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். அடுத்த கோப்பை வரும், உருட்டுவாள், துப்புவாள், மறுபடி தேய்ப்பாள். வாய் சுத்தமாக இருந்தால்தான் அடுத்த ருசி பிடிபடும் என்று மேலாளரிடம் சொல்லி, அதையே அந்த அறையின் சட்டமாகவும் ஆக்கிவிட்டாள். உண்மையான காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். அவளுக்கும் நல்ல நாக்கு. மாமியாரே சிபாரிசு செய்து அதே அறையில் சேர்த்துவிட்டாள். முதல் நாளே கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து, "நல்லா அழுத்தித் தேய்க்கணும், சோம்பேறித்தனம் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னாள். மருமகள் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். அதுதான் வம்பாய்ப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். வீட்டில் நாக்கம்மாவின் நாத்தனார் குடும்பமும் இருந்தது. மருமகள் ஒரு வாய் வைத்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "பல்லு கூசுதுங்க அத்தை" என்றாள். நாக்கம்மா அத்தனை பேர் முன்னாலும், "எல்லாம் நடிப்பு. ஒழுங்கா தேய்ச்சா ஏன் கூசப்போகுது?" என்று ஒரே போடாய்ப் போட்டாள். தனக்கும் அதே கூச்சம் பல வருஷமாக இருப்பதை மென்று விழுங்கிவிட்டாள். தன் கிண்ணத்து ஐஸ்கிரீம் உருகட்டும் என்று அவள் காத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் ரொட்டியைக் கடித்தபோது அவளுடைய முன்பல் ஓரம் உடைந்து கையோடு வந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பல் டாக்டர்கள் இருந்தும், தெரிந்த முகம் எதுவும் வராத இடமாகப் பார்த்து, பஸ் மாறி ஊரின் மறுகோடிக்குப் போனாள். நாற்காலியில் சாய்ந்து, குற்றவாளி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். டாக்டர் அம்மா திட்டப்போகிறாள் என்று காத்திருந்தாள். அவளோ, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்ப்பீங்க?" என்று கேட்டாள்.

"எட்டு, பத்து தடவை இருக்கும். சத்தியமா சொல்றேன், சுத்தமாத்தான் வெச்சிருக்கேன்."

"அதாங்கம்மா பிரச்சனை. இது சொத்தையில்ல, அழுக்குமில்ல. புளிப்பு பட்டுப் பட்டு பல்லோட மேல்தோடு கரையுது. அடிக்கடி கூல்டிரிங்ஸ் குடிப்பீங்களா? நெஞ்செரிச்சல், வாந்தி? மாத்திரை ஏதாவது சாப்பிட்டு வாய் காய்ஞ்சு போகுதா?"

எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைச் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"புளிப்பை வாய்க்குள்ள உருட்டுறதே பல்லுக்கு ஆகாது. உருட்டி முடிச்ச உடனே பல்லு கொஞ்ச நேரம் இளகியிருக்கும். அந்த நேரம் பார்த்து அழுத்தித் தேய்ச்சா, இளகினது பிரஷ்ஷோட வந்துடும். வெறும் தண்ணியில கொப்பளிங்க. தேய்க்கிறதுன்னா ஒரு மணி நேரமாவது போகட்டும், அதுவும் மெல்லமா."

நாக்கம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் இப்படி ஆயிடுச்சே டாக்டர்" என்றாள்.

"யார் சொன்னா? இங்க வர்றவங்கள்ல மூணு நாலு பேருக்கு ஒருத்தர்கிட்டயாவது இது இருக்கு. சின்னப் பிள்ளைங்ககிட்டயும் பாக்குறேன். பாதிப் பேருக்கு இருக்கறதே தெரியாது. சீக்கிரம் தெரிஞ்சா மேல கெடாம நிறுத்திடலாம், போனதுதான் திரும்ப வளராது. ஆமா, அந்த அறையில உங்க கூட வேற யாராவது வேலை செய்றாங்களா?"

"இல்ல" என்றாள் நாக்கம்மா.

ஏன் அப்படிப் பொய் சொன்னோம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்துதான் இருந்தது. மருமகள் பெயரைச் சொன்னால், பிரஷ்ஷைக் கையில் கொடுத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்விப்பட்டால் மாமியார் கொடுமை என்பார்கள். தான் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஒரு சாமர்த்தியம் செய்தாள். யாரும் வருமுன் அறைக்குப் போய், அங்கிருந்த இரண்டு பிரஷ்ஷையும் குப்பையில் போட்டுவிட்டாள். மருமகள் வந்ததும், "பழசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன். புதுசு வர்ற வரைக்கும் வெறும் தண்ணியே போதும்" என்றாள். அப்பாடா, சொல்லாமலே காரியம் முடிந்தது என்று நிம்மதியாக அடுத்த கோப்பையை எடுத்தாள். சாப்பாட்டு இடைவேளையில் மருமகள் வெளியே போய்விட்டு வந்தாள். கையில் இரண்டு புது பிரஷ். "கடினமா இருக்கறதா பார்த்து வாங்கினேன் அத்தை, உங்களுக்கு அதானே பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு, அன்னாசிச் சாற்றைத் துப்பிய வாயோடு தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்தச் சரக்சரக் சத்தத்தை நாக்கம்மாவால் தாங்க முடியவில்லை. பிரஷ்ஷை வெடுக்கென்று பிடுங்கினாள். மருமகள் வாயில் நுரையோடு திருதிருவென்று விழித்தாள். வேறு வழியில்லாமல் நாக்கம்மா சொன்னாள். டாக்டரிடம் போனது, டாக்டர் சொன்னது, டாக்டரிடம் தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

மருமகள் வாயைக் கொப்பளித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய், கைக்கண்ணாடியில் பல்லைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஓரமெல்லாம் மெலிஞ்சுதான் போயிருக்கு. அன்னிக்குக் கூசுதுன்னு சொன்னேனே அத்தை. நடிப்புன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க."

"தப்புதாம்மா."

"என்கிட்ட சொன்னா போதுமா? அவர் இன்னும் நான் நடிச்சேன்னுதான் நினைச்சிட்டிருக்கார்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்ததும் நாக்கம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். "அன்னிக்கு இவ நடிக்கலடா. இவ பல்லைக் கெடுத்தது நான்தான்" என்றாள். மகன் சிரித்தான். ஏதோ கோபத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவள் விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பி, பெற்ற பிள்ளை முன்னால் முதல்முறையாக வாயை முழுசாகத் திறந்து காட்டினாள்.

அவன் சிரிப்பு நின்றுபோனது. "எத்தனை வருஷமாம்மா இப்படி?"

"நீ பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து."

"அப்பவே டாக்டர்கிட்ட போயிருக்கலாமே. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அசிங்கமா இருந்துச்சுடா."

மருமகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க அசிங்கம் பார்த்ததுல என் பல்லும் போச்சு அத்தை."

மகன், "ஏய்!" என்று அதட்டினான். நாக்கம்மா கையை நீட்டி அவனைத் தடுத்தாள். அந்த வீட்டில் கடைசி வார்த்தையை அவள் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"அவளை ஒண்ணும் சொல்லாதேடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "ஆமாம்மா. போச்சு."