முகத்தில் சுற்றிய துணி

இராஜபாளையம் பேருந்து நிலையத்துக்கு வெளியே நாங்கள் நடத்தியது நாடகமா, நடனமா என்று கேட்டவர்களுக்கு, "ரெண்டும்தான், நடுவுல ஒலியும் இருக்கு" என்றார் சென்னையிலிருந்து வந்த எங்கள் இயக்குநர் அம்மா. ஆடுபவரும் அவர்தான். பேச்சுப் பகுதியைத் தொகுத்தவன், முன்பு பத்திரிகையில் இருந்த நான்.

பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் நடுவில் உட்கார்ந்து துணி மடிப்பார். பஞ்சுத்தூசி, இருமல், சூப்பர்வைசரின் வசவு பற்றி அவர் பேசிய பதிவு ஸ்பீக்கரில் ஓடும். அவர் முகம் முழுவதும் அதே துணியால் சுற்றப்பட்டிருக்கும். "மூஞ்சி தெரிஞ்சா வேலை போயிரும் மேடம்" என்று ஒத்திகையிலேயே சொல்லியிருந்தார். முகம் தெரியாது என்று இயக்குநர் அவர் கையைப் பிடித்து உறுதி கொடுத்தார்.

செங்கோட்டைப் பேருந்து வந்ததும் கூட்டம் கலையத் தொடங்கியது. ஆடிக்கொண்டிருந்த இயக்குநர் அந்தப் பெண்ணின் பின்னால் போய்த் துணியை அவிழ்த்தார். ஒத்திகையில் இல்லாதது. அந்தப் பெண் இரண்டு கையாலும் துணியை இறுக்கிப் பிடித்தார். அதை நடிப்பென்று நினைத்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். துணி கழன்று முகம் தெரிந்தது. செல்போன்கள் உயர்ந்தன.

"ஏலே, நம்ம செக்சன் அக்காலே! எக்கா, எப்பருந்துக்கா சினிமாவுல?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"சுத்துங்க மேடம், திரும்பச் சுத்துங்க."

இயக்குநர் அவர் காதருகே குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது. "அப்படியே இருங்க. அழுகை நல்லா வருது."

பிறகு டீக்கடையில், அந்தத் தேம்பல் சுத்தமாகப் பதிவாகியிருப்பதாக ஒலிக்கலைஞர் மகிழ்ந்தார். கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தேன். அந்தப் பதிவை அழிக்கச் சொன்னேன். "நீங்க இன்னும் பத்திரிகைக்காரராவே இருக்கீங்க" என்றார் இயக்குநர்.

மறுநாள் காலை அந்தப் பெண் போன் செய்தார். "கம்பெனி கேட்டுக்குள்ளயே விடலண்ணே. எங் குரலையாச்சும் அழிச்சிருங்க. அது பரவுச்சுன்னா வேற கம்பெனியிலயும் சேக்க மாட்டாக."

இயக்குநரிடம் சொன்னேன். பேச அந்தப் பெண் சம்மதித்துத்தானே பதிவு செய்தோம் என்றார்.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் அவருக்குப் பதிலாக ஒரு நடிகை முகத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். பழைய பதிவு ஓடத் தொடங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வந்தார். நேராகப் போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். இருமல் பாதியில் நின்றது.

"இது எங் குரலு. எம் பொழப்பு போனது பத்தலையா ஒங்களுக்கு?"

கூட்டத்தின் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. இயக்குநரும் தட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"இதைத் தினமும் வச்சுக்கலாம். அவங்க வருவாங்களான்னு கேளுங்க."