கமராவைப் பார்க்காத படம்

சனி, ஞாயிறுகளில் நானும் என் கணவரும் இல்ஃபோர்ட் பக்கத்து மண்டபங்களில் படம் எடுக்கிறவர்கள். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள், எதுவானாலும் கமரா என் கையில், வாய் அவருடையது. "இஞ்ச பாருங்கோ, கொஞ்சம் சிரியுங்கோ" என்று அவர் ஒரு குரல் விட்டால், வாய் நிறைய வடையோடு நிற்கிற பெரியப்பாகூட மென்று விழுங்கிவிட்டு நிமிர்வார். அந்த நொடியில் நான் கமராப் பொத்தானை அமத்துவேன். எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் எல்லா முகமும் தெரிய வேண்டும். ஒரு மாமி பக்கவாட்டில் பார்த்தாலும் "என்ன பிள்ளை, இப்பிடி எடுத்து வைச்சிருக்கிறீர்" என்று போன் வரும்.

எங்கள் மகள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் கால்பந்து அணியில் கோல் கீப்பர். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருடப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், விளையாடும்போது எடுத்த படம் ஒன்றை நடைவழிச் சுவரில் மாட்டுவார்கள். கோல் அடிக்கிறவளை எல்லாப் பெற்றோரும் போனில் எடுத்துவிடுவார்கள். தடுக்கிறவளை யார் எடுக்கிறார்கள்? மகளுக்கு இது கடைசி வருடம்; நாங்கள் மண்டபங்களிலேயே நின்றதில், இத்தனை வருடம் விளையாடியும் அவளுக்கு ஒரு படம் இல்லை. அணியைப் பழக்குகிற ஆசிரியை, அம்மா படம் எடுக்கிறவர்தானே, வந்து எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

"நான் பந்தைப் பிடிக்கிற மாதிரி ஒண்டு போதும் அம்மா," என்றாள் மகள்.

செவன் கிங்ஸ் பக்கத்து மைதானம் ஒன்றில் நாங்கள் போன முதல் ஆட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் வெளிச்சத்துக்கு விரிக்கிற வெள்ளைக் குடையைக் கணவர் எனக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரணிப் பெண் பந்தோடு வேகமாக வருகிறாள். கமராவுக்குள் எனக்குத் தெரிந்தது மகளின் கொண்டையும் ஒரு காதும்தான். "முகம் தெரியுதில்லையே," என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். குடை பிடித்து நின்றவருக்கு அது போதும்.

"பிள்ளை, இஞ்ச பாருங்கோ."

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பிறந்த நாளிலிருந்து அந்தக் குரலுக்குத் திரும்பிய பிள்ளை அன்றைக்கும் திரும்பினாள். திரும்பியது மட்டுமா, சிரித்தாள். பந்து அவளைத் தாண்டிப் போய்விட்டது. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முகம், வெளிச்சம், சிரிப்பு, ஒரு குறை சொல்ல ஏலாது. பின்னால் வலைக்குள் பந்து.

அன்றைக்கு வீட்டில் மகளின் தீர்ப்பு வந்தது. "அப்பா இனி கிரவுண்டுக்கு வரக்கூடாது."

"நான் வாயைத் திறக்க மாட்டன். சும்மா நிக்கிறன், பிள்ளை."

"உங்களுக்குச் சும்மா நிக்க ஏலாது அப்பா."

உண்மை என்பதால் நானும் அவருக்காக வாதாடப் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆட்டங்களில் எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தெருவோரமாகக் காருக்குள் தேத்தண்ணீர்ப் போத்தலோடு அவர் இருந்தார். நான் எடுத்தவை எல்லாம் முதுகும் சேறும். லென்ஸ் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மெய் என்னவென்றால், அவர் குரல் இல்லாமல் எப்போது அமத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் அந்த நொடியை எனக்கு எடுத்துத் தந்தது அவர். அதை நினைக்கக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

வேறு வழியின்றி மகளையே உற்றுப் பார்க்கப் பழகினேன். பாய்வதற்கு முன்னால் அவளுடைய தோள் இலேசாகச் சரியும். அவளைப் பெற்ற எனக்கு இது அதுவரை தெரியாது.

கடைசி ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. மைதானம் அடங்கிவிட்டது. எனக்குப் பயம், பந்தை நினைத்து அல்ல. கார் நின்ற பக்கமிருந்து ஒரு குரல் வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். மகளின் தோள் சரிந்தது. அமத்தினேன். அவள் சேற்றில் விழுந்து எழும்பியபோது பந்து அவளுடைய கையில் இருந்தது. பிறகு நான் போட்ட சத்தத்தைப் பற்றி ஆசிரியையிடம்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் பெரிதாக்கினோம். மகள் காற்றில் நீட்டி நிமிர்ந்து, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வலை. வலைக்குப் பின்னால் தெருவோர இரும்பு வேலி. வேலிக்கு வெளியே, மழையில், குடையும் இல்லாமல் என் கணவர். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தொழில் புத்தி போகுமா? "அப்பாவை வெட்டிவிடட்டோ? பள்ளிக்கூடத்துச் சுவரல்லோ," என்று கேட்டேன்.

மகள் என் கையை மவுஸிலிருந்து விலக்கினாள். "வேண்டாம். அப்பாவும் நிக்கட்டும்."

குசினியில் தேத்தண்ணீர் ஊத்திக்கொண்டு நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முகம் வாடிவிட்டது.

"நான் கமராவைப் பாக்கேல்லையே, பிள்ளை. படம் பழுதாப் போச்சு."

"நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள் அப்பா," என்றாள் மகள். "அதுதான் நல்ல படம்."

அன்றைக்கு இரண்டாம் தடவையாக அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.