சூசையப்பர் முன்னால் முப்பது நாள்

பருந்து என்ற பெயரை முதன்முதலில் என் நாத்தனார் மகள் வாயால்தான் கேட்டேன். கல்யாணமான புதுசு. "வீட்டுக்காரர் எப்படிம்மா?" என்று கேட்டதற்கு, "அவருக்கு வேலையிடத்துல பருந்துன்னு பேரு அத்தை. இருபது மாடி உசரத்துல கிரேன்ல உக்காந்துகிட்டு, கீழ விழுந்த ஆணியக்கூடப் பாத்துருவாராம்" என்றாள். பக்கத்தில் இருந்த அவள் தம்பி, "ஆமா, வீட்ல மட்டும் நெத்தியில மாட்டின கண்ணாடியத் தேடுவாரு" என்றான்.

நாத்தனாருக்கு அந்த இரண்டு பிள்ளைகள்தான். தம்பிக்காரனும் அதே கட்டட வேலையில்தான் இருந்தான். பருந்து மேலே கேபினில், மச்சினன் கீழே தரையில். கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இறங்கும் பளு கிரேன் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. கீழே நின்று வாக்கிடாக்கியில் சொல்கிறவன்தான் அவருக்குக் கண். இறக்கு, தூக்கு என்று அவன் ஒருவன்தான் சொல்லலாம். நிறுத்து என்று மட்டும் யார் சொன்னாலும் நின்றாக வேண்டும். அந்தச் சட்டம் பருந்துக்கு மனப்பாடம். ஆனால் அது மற்றவர்களுக்குப் போட்ட சட்டம் என்று நினைத்திருந்தார்.

பதினாறு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு மத்தியானம் கான்கிரீட் பலகை ஒன்றைச் சுவருக்குப் பின்னால் இறக்கிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க மாமா!"

"எனக்குத் தெரியும்டா மாப்ள. ஒரு சாண்தான்."

அந்த ஒரு சாண் இறங்கியது. பலகையின் முனை சாரத்தில் இடித்தது. சாரத்துக் குழாய் ஒன்று கழன்று விழுந்து மச்சினனின் காரை எலும்பு முறிந்தது.

இன்ஜினியர் கேபின் சாவியை வாங்கிக்கொண்டார். "ஆறு மாசம் தரையில நில்லு. பளுவுக்கு பெல்ட் மாட்டு. உன் மச்சினன் தோள் சரியாகி வந்ததும் அவன் சொல்றதக் கேட்டு வேலை செய். அப்புறம் ஒரு நாள் மேல ஏத்திப் பாக்கறேன். சரியா இருந்தா கேபின் உனக்கு. இல்லன்னா இல்ல."

கேபின் இல்லாமல் தான் யார் என்பதே அவருக்கு விளங்கவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "தப்புதான், ஆனா அவன் கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா..." என்று தொடங்குவார்.

"'ஆனா' போடாம ஒரு வாக்கியம் பேசுங்க பாப்போம்" என்பாள் மனைவி.

பேச வராது. அவளும் விடமாட்டாள். கடைசியில் அவளுடைய நச்சரிப்புக்குப் பயந்துதான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கேயும் பாதிப் பாவம் மச்சினனுடையதாகத்தான் இருந்தது. பங்குச்சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கொடுத்த பரிகாரம் இதுதான்: முப்பது நாள், வேலை முடிந்ததும், சூசையப்பர் பீடத்துக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

"ஒரு ஜெபமாவது குடுங்க சாமி."

"ஜெபம் பண்றேன்னு நீங்க அவர்கிட்டயும் வழக்குப் பேசுவீங்க. வேண்டாம்."

போய் உட்கார்ந்தார். முதல் வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மெழுகுவர்த்திகளை எண்ணினார். சிலையின் வலது கைக் கட்டை விரலில் வண்ணம் உரிந்திருந்ததைப் பார்த்தார். இயேசுவை வளர்த்த தச்சரின் கை. நற்செய்தியில் எல்லாரும் பேசுகிறார்கள், பேய்கூடப் பேசுகிறது. இந்த மனிதர் பேசியதாக ஒரு சொல் இல்லையே என்பது பத்தாம் நாள்தான் உறைத்தது. எழுந்திரு, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ஓடு என்று கனவில் வானதூதர் சொன்னால் எழுந்து போனார். திரும்பி வா என்றால் வந்தார். ஏன், எதற்கு, நான் யார் தெரியுமா என்ற கேள்வியே இல்லை.

அன்றைக்குக் கோயில் வாசலில் சாமியாரை மறித்தார். "அவருக்குச் சொன்னது வானதூதர் சாமி. எனக்குச் சொல்றது என் பொண்டாட்டியோட தம்பி."

சாமியார் சிரித்துவிட்டார். "ஊர் ஊராப் போயி பேரு எழுதிக்கணும்னு ராஜா உத்தரவு போட்டானே, அப்ப எந்த வானதூதர் வந்தாரு? நிறைமாசப் பொண்டாட்டியக் கூட்டிகிட்டு அதுக்கும்தானே போனாரு?"

அந்த வாரமே மச்சினன் வீட்டுக்குப் போய், "தப்பு என்னுதுடா" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆறாம் மாசம் சோதனை நாள் வந்தது. லாரி அளவு ஜெனரேட்டர் ஒன்றை, இரண்டு சுவர்களுக்கு நடுவே கிணறு மாதிரி இருந்த பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். உள்ளே ஆள் நின்று பார்த்துச் சொன்னால்தான் உண்டு. மச்சினன் உள்ளே நின்றான். இன்ஜினியர் சுவர் மேல் நின்றார். பருந்து கேபினில் உட்கார்ந்தபோது விசைப்பிடி பழகிய நாய்க்குட்டி போலக் கைக்குள் வந்தது.

பாதி இறங்கியிருக்கும்.

"நில்லுங்க மாமா."

நிறுத்தினார். பளு அந்தரத்தில் தொங்கியது. ஒரு நிமிஷம் போனது. கீழே மூடியிருந்த தார்ப்பாய் படபடத்தது. காற்றளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர ஆரம்பித்தது. கோட்டைத் தாண்டினால் ஆடுகிற பளுவைக் குறுகலான இடத்தில் இறக்க முடியாது.

"எதுக்கு நிக்கற? எனக்கு நல்லாத் தெரியுது, இறக்கு!" இன்ஜினியர் குரல்.

பருந்துக்கும் தெரிந்தது. வடத்தின் நிழலைப் பார்த்தே, இடம் இருக்கிறது, தாராளமாக இறக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கு பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பிசகியிருக்கிறது.

"அவன் சொல்லட்டும் சார்."

"நான் சொல்றேன்! உனக்குக் கேபின் வேணுமா வேணாமா?"

பள்ளத்திலிருந்து சத்தமே இல்லை. மாப்ள, ஏதாவது சொல்லேன்டா என்று உள்ளுக்குள் கெஞ்சினார். முள் கோட்டைத் தொடப் பார்த்தது. விசைப்பிடியிலிருந்து கையை எடுத்து இரண்டு முழங்காலிலும் வைத்துக்கொண்டார்.

"ஆள் யாரும் இல்ல. இறக்குங்க மாமா."

அதே நேரம் காற்று எச்சரிக்கை மணி அலறியது. இனி இறக்க முடியாது. பளுவை மெதுவாகத் திருப்பி, எதிரே இருந்த வெட்டவெளியில் வைத்தார்.

அவர் இறங்கி வந்தபோது ஏணியின் அடியில் மச்சினன் வெளுத்த முகத்தோடு நின்றிருந்தான். "சட்டை மாமா. மூலைக் கம்பியில யாரோ மாட்டி வச்ச சட்டை. காத்துல ஆடுனப்ப கை மாதிரி தெரிஞ்சுது. சுத்திப் போயிப் பாத்துட்டு வர்றதுக்குள்ள... உங்க கேபினையே கெடுத்துட்டேன்."

உள்ளே வேறு யாரோ இருந்து ஒரு உயிர் பிழைத்தது என்றால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அங்கே சட்டைதான் இருந்தது. சொல்லிக்காட்ட இருபது வார்த்தை அவர் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன.

"நீ நிறுத்தச் சொன்ன, நான் நின்னேன். அவ்வளவுதான்டா மாப்ள."

இன்ஜினியர் வந்தார். "தைரியம் செத்துப்போச்சு உனக்கு. இனிமே வேற ஆளப் பாத்துக்கறேன்." மச்சினன் வாயெடுத்தான், பருந்து அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

வலிக்காமல் இல்லை. அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். பரிகாரம் எப்போதோ முடிந்திருந்தது; யாரும் போகச் சொல்லவில்லை.

இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அதே கம்பெனியில் தரையில் நின்று பளுவுக்கு பெல்ட் மாட்டுகிறார். கேபினில் வேறொருவர் இருக்கிறார்.