பகலில் தூங்கினவர்

எங்கள் சபையின் அன்புக்கு யாரும் தப்பவே முடியாது. ராஜபாளையத்தில் எங்களுக்கு இருந்தது ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில். குருவானவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் ஆடுகளை ஆடுகளேதான் மேய்த்துக்கொண்டன. கோயிலில் பெஞ்சு கிடையாது, பாய்தான். அவரவருக்கு அவரவர் இடம். ஒருவர் வராவிட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார மாட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்த இடம் காலி என்று பார்த்துவைத்துக்கொண்டு மறுநாள் ‘சந்திப்பு’க்குக் கிளம்பிவிடுவார்கள். வீடு தேடி வந்து, பாடி, ஜெபித்து, காப்பி குடித்து, ஆளை மீட்டுக்கொண்டு போவதற்குப் பெயர்தான் சந்திப்பு.

இதற்குத் தலைவி டீச்சரம்மா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விதவை. வகுப்பில் ஒரு பிள்ளை குறைந்தாலும் தாங்காத கண். வகுப்பு போன பிறகு அந்தக் கண் சபையின்மேல் விழுந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை கிடைத்தது. ராத்திரி ஷிப்ட். விடிந்து சங்கு ஊதியதும் தலையெல்லாம் பஞ்சாக வருவார், பழையதைக் குடிப்பார், அப்படியே சாய்வார். சனிக்கிழமை ராத்திரியும் மில் ஓடியதால் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே கதைதான். பாயில் அவர் இடம் காலியாயிற்று. திங்கட்கிழமை சபை வந்தது.

“அவிய தூங்குதாவ. ராத்திரி வேல,” என்று வாசலிலேயே சொன்னேன்.

வந்தவர்கள் வாத்தியார்கள், நெசவாளிகள், காடுகரையில் பாடுபடும் சம்சாரிகள். வெயில் அடிக்கும்போது நல்லா இருக்கிற ஆம்பிளை தூங்கி அவர்கள் பார்த்ததில்லை. ஒன்று காய்ச்சலாக இருக்கவேண்டும், இல்லையென்றால் ஆத்துமாவில் கோளாறு. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடு இல்லை. அப்படியானால் ஆத்துமாதான்.

எழுப்பி உட்காரவைத்தார்கள். ஜெபிக்க வந்தவர்களைப் போகச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஜெபம் பண்ணியாக வேண்டும். ஒருவரை விட்டால் மனத்தாங்கல். கண்ணை மூடச் சொன்னால் அவருக்குக் கேட்கவா வேண்டும்? மூடியவர் அப்படியே தூங்கித் தலையைத் தொங்கவிட்டார். “மனசு உடையுது பாருங்க,” என்று டீச்சரம்மா இன்னொரு பாட்டை எடுத்தார். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாள் கூடுதல் ஆட்களோடு வந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில்லில் அவர் மெஷின்முன் நின்றபடியே கண் அசந்திருக்கிறார். மேஸ்திரி பார்த்துவிட்டு, “இன்னொரு தடவ அசந்தா கணக்க முடிச்சு அனுப்பிருவேன். கை உள்ள போச்சுன்னா நீயே முடிஞ்ச,” என்று சொல்லியிருக்கிறார். வேலை போனால் எங்கள் அடுப்பு அணையும். கை போனால்? அன்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? சபையின்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த நாள் அவரை, நெல் கொட்டிவைக்கும் பெரிய மண் குலுக்கைக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டு, “சேத்தூருக்குப் போயிருக்காவ,” என்றேன். “அப்பம் பிரயாணத்துக்காக ஜெபிப்போம்,” என்று பாயை அவர்களே எடுத்து விரித்தார்கள். நடு ஜெபத்தில் குலுக்கைக்குப் பின்னாலிருந்து குறட்டை கிளம்பியது.

“அது என்னம்மா சத்தம்?”

“எருமை,” என்றேன்.

எங்களிடம் எருமை கிடையாது. “வாங்கிட்டியளா! சொல்லவே இல்லயே,” என்று சந்தோஷப்பட்டார்கள். மூச்சு இழுக்கிற மாதிரி கேட்கிறதே என்று கவலையும் பட்டார்கள். இல்லாத எருமையின் சுகத்துக்காகப் பெரிய ஜெபம் ஒன்று நடந்தது. சாயங்காலம் ஒருத்தர் ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

பிறகு பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மாவின் ஆட்டுக்கொட்டிலுக்கு அனுப்பினேன். “பாப்பம், படுத்துக்கட்டும்,” என்று அந்த அம்மா தெலுங்கும் தமிழுமாகப் பரிதாபப்பட்டுச் சாக்கு விரித்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் தூங்கினார். ஆனால் எழுந்து வரும்போது, கொசுவுக்குப் போட்ட மூட்டத்தின் சாம்பல் நெற்றியில் ஒட்டியிருந்தது. சபையாரில் ஒருவர் அதைப் பார்த்துத் தொலைத்தார். பொழுது சாய்வதற்குள் என் வீட்டுக்காரர் திருநீறு பூசிவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. எங்கள் வீட்டில் சபை முழுவதும் கூடி உபவாச ஜெபம் என்று முடிவு செய்தார்கள்.

உபவாச ஜெபத்தன்று காலை வீடு நிறைந்துவிட்டது. சங்கு ஊதியது. அவர் வரவில்லை. வெயில் ஏறியும் வரவில்லை. கொட்டிலில் போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. எனக்கு அந்த மெஷின் ஞாபகம் வந்துவிட்டது. பாட்டின் நடுவிலேயே, “உங்க பாட்டுதான் அவியளக் கொன்னுருச்சு!” என்று கத்திவிட்டு மில்லைப் பார்த்து ஓடினேன். டீச்சரம்மாவும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். மில் கேட்டில், “எப்பவோ போயாச்சே,” என்றார்கள். போன உயிர் திரும்பியது. ஆனால் ஆள் எங்கே?

திரும்பும் வழியில்தான் கோயில். யாரோ பூட்ட மறந்த கதவு லேசாகத் திறந்திருந்தது. டீச்சரம்மா தலையை உள்ளே நீட்டினார். அவர் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். ஆண்கள் பக்கம், தன்னுடைய இடத்திலேயே, குப்புறக் கிடந்தார் என் வீட்டுக்காரர். சபை மொத்தமும் எங்கள் வீட்டில் இருந்ததால், அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்குவதற்கு ராஜபாளையத்தில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். குறட்டை ஓட்டில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்குள் சபையும் வந்து சேர்ந்தது. “உள்ள என்ன சத்தம்?”

டீச்சரம்மா கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றார். “முகங்குப்புற விழுந்து ஜெபம் பண்ணுதாரு. பாரத்தோட பண்ணுதாரு. யாரும் உள்ள போவக் கூடாது.”

“தெனமும் பண்ணுவாரா?”

“தெனமும்.”

அதற்குப் பிறகு கோயில் சாவி என் வீட்டுக்காரர் கையில். காலையில் அவர் உள்ளே போனதும் சந்திப்புக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆட்டையும் காக்காயையும் விரட்டினார்கள். மூச்சுக் காட்டவில்லை. அவர் கண்ணில் இருந்த சிவப்பு போயிற்று. வேலையும் தப்பியது, கையும் தப்பியது. குருவானவர் கேள்விப்பட்டு அவரை எல்லோருக்கும் எடுத்துக்காட்டாக வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். அந்தப் பிரசங்கத்தின்போதும் அவர் கண்ணை மூடித்தான் இருந்தார்.

வெகுநாள் கழித்து, மரத்தடியில் நானும் டீச்சரம்மாவும் மட்டும் இருந்தபோது கேட்டேன். “அது தூக்கம்னு உங்களுக்குத் தெரியாதா, டீச்சரம்மா?”

அவர் எழுந்துபோய் ஒரு ஆட்டை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஏட்டி, எங்க வீட்டுக்காரவிய இருந்த காலத்துல அவிய குறட்டைல தூக்கம் வராம அழுதிருக்கேன். அவிய போன பொறவு அந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வராம அழுதிருக்கேன். குறட்டை எது, ஜெபம் எதுன்னு எனக்கா தெரியாது?”

உள்ளே சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தோம். அது திரும்ப ஆரம்பித்ததும் டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.