அயுத்தயாவில் வைத்த நேர்த்தி

அன்று நான் யாருக்கு நேர்ந்தேன்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இவர், என் கணவர், முன்னதாகவே ஒக்லாந்துக்கு வந்துவிட்டார். நானும் மகனும் விசாவுக்காகப் பாங்கொக்கில் ஒரு விடுதி அறையில் காத்திருந்தோம். மகனுக்கு அப்போது இரண்டு வயது, மூச்சிழுப்பு. மருந்து கொடுத்தால் அடங்கும், பிறகு வரும். அடுத்த அறையில் எங்களைப்போலக் காத்திருந்த அக்கா ஒருவர்தான் அயுத்தயாவுக்குப் போவோம் என்றார். தாய்லாந்தின் பழைய தலைநகரம், காலையில் ரயில் ஏறினால் பின்னேரம் திரும்பிவிடலாம்.

"இந்த அறைக்குள்ளயே கிடந்தா பிள்ளைக்கு இன்னும் முட்டும். வெளிக்காத்துப் படட்டும், வாரும்."

மூன்றாம் வகுப்புப் பெட்டி. சன்னலைத் திறந்தால் டீசல் புகை, மூடினால் புழுக்கம். திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"அந்தச் சன்னலை விடும். கழண்டு உம்மட கையோட வரப்போகுது," என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயல்கள் தொடங்கும்போதே பிள்ளையின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பலாமா என்று ஒவ்வொரு தரிப்பிலும் யோசித்தேன். இறங்கவில்லை.

அயுத்தயாவில் ஆற்றைப் படகில் கடந்து, வெயிலில் நடந்தோம். இடிந்த செங்கல் கோபுரங்கள், வரிசை வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள். அக்கா பார்த்துக்கொண்டே வந்து, "இவையளும் எங்களைப்போல விசாவுக்குத்தான் காத்திருக்கினம் போல," என்றார். பிள்ளை என் தோளில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

ஓரிடத்தில் ஒரு பெரிய அரசமரம். அதன் வேர்களுக்கு நடுவே கல்லில் ஒரு புத்தர் தலை, வேர்கள் நெருக்கிப் பிடித்திருக்க, முகம் மட்டும் வெளியே தெரிந்தது. காவலாளி என்னைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார். அந்தத் தலையைவிட உயரமாக நிற்கக்கூடாதாம். பிள்ளையோடு தரையில் இருந்தேன்.

அரசமரத்தடியில் இருந்தால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகக் குவியும். எங்கள் ஊர்ப்பக்கம் அந்த மரத்தடியில் பிள்ளையார்தான் இருப்பார். நானும் கும்பிட்டேன். இந்த இழுப்பு மாறினால் இவன் முடியில் கத்தி வைக்காமல் வளர்த்து, இதே இடத்துக்குக் கொண்டுவந்து இறக்குகிறேன் என்று வாய்க்குள் நேர்ந்தேன். எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

திரும்பி வரும் ரயிலில் பிள்ளை மடியில் அமைதியாக நித்திரை கொண்டான். அதன்பிறகு இழுப்பு வரவில்லை. இங்கே ஒக்லாந்தில், நியூ லின்னில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மாரியில் சுவரெல்லாம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இழுப்புக்கு வாயில் அடிக்கும் பம்ப்போடு திரிகிறார்கள். இவனுக்கு ஒன்றுமில்லை. சில பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாக மாறும் என்கிறார் டொக்டர். அதை நம்பவும் செய்கிறேன்.

ஆனால் முடி இடுப்பைத் தொடுகிறது. வருகிற மாதம் ஐந்து வயது, பிறந்தநாளோடு பள்ளிக்கூடம். விளையாட்டுப் பள்ளியிலேயே பெட்டை என்று பழிக்கிறார்களாம். "கட் இட், அம்மா," என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுகிறான்.

இவர் முடிவெட்டும் மெஷினும் வாங்கிவிட்டார். "பிள்ளையாருக்கு நேர்ந்ததெண்டா அவர் இஞ்சயும் இருக்கிறார்தானே. சாமிப்படத்துக்கு முன்னால வைச்சு இறக்குவம். நீர் ஏன் இதுக்குப்போய் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?"

அரசமரத்தடியில் நேர்ந்தேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே இருந்த முகம் எது என்று சொல்லவில்லை. யுத்த காலத்தில் ஊரில் இராணுவ முகாம்களின் வாசலில் வைத்திருந்த புத்தர் சிலைகளுக்கு முன்னால், அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றவர் அவர். அவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் வீட்டிலேயே முடியை இறக்கி, பிறகு பிள்ளைக்கு முட்டினால்? மூவரும் தாய்லாந்துக்குப் போய்வர இப்போதைக்கு வழியில்லை.

நேர்த்தி வைத்துப் பழகிய அம்மாமார், அக்காமார் இதை வாசித்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நேர்ந்த இடத்துக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒக்லாந்தில் தாய்லாந்துக்காரர் கும்பிடும் கோயில் ஒன்றில் இறக்கினால் போதுமா? இவரிடம் முதலில் சொல்லிவிடவா, இறக்கியபின் சொல்லவா? பிறந்தநாளுக்கு முன்னர் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது.