வலிக்காத கால்

எனக்கு வாய்த்தவர் நல்ல மனிதர்தான். கை நீட்டியதில்லை, வெளியே கோபித்துக்கொண்டு வந்து வீட்டில் காட்டியதில்லை. ராசிபுரம் கடைவீதியில் நெய் வியாபாரம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் வெண்ணெய் உருக்கும் கொட்டகை. எல்லாம் சரி. ஆனால் அவருடைய இரண்டு பாதங்களோடு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அவர் திடீரென்று இளைத்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பஸ் ஏறிச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். சர்க்கரை வியாதி என்றார். சோற்றைக் குறைக்கச் சொன்னார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு இவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஒரு குண்டூசி முனையை வைத்தார்.

"குத்துதா?"

"இல்லீங்க."

"இங்கே?"

"இல்லீங்க."

கண்ணைத் திறந்ததும் இவர் சிரித்தார், என்னவோ பரீட்சையில் தேறிவிட்டவர் மாதிரி.

"சிரிக்காதீங்க பாய்," என்றார் டாக்டர். "இனிமே உங்களுக்கு முள்ளு தைச்சாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. வலிக்கலைன்னா கால் நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை. தினமும் கண்ணாலே பார்க்கணும். வெறுங்காலோட நடக்கவே கூடாது. கழுவினா விரலிடுக்கு ஈரத்தைத் துடைச்சிடணும்."

"சரிங்க, சரிங்க" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ் மல்லூரைத் தாண்டியிருக்காது, என் பக்கம் சாய்ந்து, "ஏம்புள்ள, அஞ்சு வேளைத் தொழுகைக்கும் ஒளு செஞ்சு கால் கழுவறவனுக்கு, அந்த டாக்டரு காலைப் பத்திச் சொல்லித் தர்றாரு பாத்தியா?" என்றார்.

"கழுவறதப் பத்தி அவரு சொல்லலீங்க. துடைக்கறதப் பத்திச் சொன்னாரு."

"எல்லாம் ஒண்ணுதான் போ."

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அது. பள்ளிவாசலில் கழுவிய காலோடு அப்படியே செருப்பில் நுழைத்துக்கொண்டு வருவார். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறிப்போய்க் கிடக்கும். அவர் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடந்தது. முகம் துடைப்பார், கழுத்து துடைப்பார், கடைப்பலகையைக்கூடத் துடைப்பார். குனிந்து காலைத் துடைக்க மட்டும் அவருக்கு முதுகு வளையாது. நான் பழைய வேட்டியைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். சாயங்காலம் அது மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. கேட்டால், "நாலு பேரு முன்னாடி உக்காந்து வெரலு வெரலா துடைச்சிக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்பார்.

வலித்திருந்தால் அவரே ஓடியிருப்பார். பல்வலி வந்தால் வீட்டையே தலைகீழாக்குகிற மனிதர் அவர். வலிக்காத ஒன்றைக் காட்டிப் பயப்படு, பயப்படு என்று நான் எப்படித்தான் சொல்வது?

அந்த வருஷம் மார்கழிக் குளிர் அதிகம். காலெல்லாம் சில்லென்று இருக்கிறது, மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலையில் நாமக்கல்லிலிருந்து தெரிந்த வியாபாரி ஒருவர் வந்திருந்தார். இரண்டு பேரும் கொட்டகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அடுப்பில் பெரிய சட்டியில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. இவர் முக்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டி அடுப்புக் கல்லின் மேல் வைத்திருந்தார். கட்டைவிரல் சட்டியின் மேலேயே பட்டுக்கொண்டிருந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"அய்யோ, காலை எடுங்க!" என்று கத்தினேன். தேத்தண்ணீர் தரையில் சிந்தியது.

அவர் குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். நிதானமாக எடுத்தார். கட்டைவிரலும் அதற்குக் கீழே இருக்கும் சதையும் சிவந்து பளபளவென்று இருந்தன. மத்தியானத்துக்குள் பெரிய கொப்புளம் எழும்பிவிட்டது.

"சேலத்துக்குப் போலாமுங்க."

"சுடவே இல்ல புள்ள. ஒரு கடுப்பும் இல்ல. இதுக்குப் போயி பஸ்ஸுக்கு நிக்கச் சொல்றியா?"

என்ன செய்ய? உள்ளே கத்தினால் கடைக்குக் கேட்கும், கடைக்குக் கேட்டால் கடைவீதிக்கே கேட்கும். அழுதும் பார்த்தேன். கொப்புளத்தை அவரே ஊசியால் குத்தி உடைத்தார். ஆறட்டும் என்று எங்கள் நெய்யையே எடுத்துத் தடவினார். மேலே துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு கடைக்கும் பள்ளிவாசலுக்கும் நடந்தார். கேட்கிறவர்களிடம், "ஒண்ணுமில்லீங்க, சின்னக் கொப்புளம்" என்றார். துணியை அவிழ்த்துக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டார். ஒளித்துவைத்த பண்டம் மாதிரி காலை வேட்டிக்குள் இழுத்துக்கொள்வார்.

எனக்கு முதலில் தெரிந்தது நாற்றம். எங்கள் வீட்டில் எந்நேரமும் நெய் வாசம்தான். அதையும் மீறிக்கொண்டு அது வந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் அவர் அசந்து தூங்கியபோதுதான் துணியை அவிழ்த்தேன். கட்டைவிரல் கறுத்துப்போயிருந்தது.

வாடகைக் கார் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். என் அண்ணன் கூட வந்தார். பென்சிலின் ஊசி போட்டார்கள். விரலை எடுத்தே ஆகவேண்டும், தாமதித்தால் பாதமே போய்விடும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். மறுநாள் டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, இவ்வளவு தூரம் விட்டிருக்கீங்க? வீட்டிலே நீங்க பார்க்கிறதில்லையா?"

நான் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தாளுங்க டாக்டர்' என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். விரல் போனது அவருக்கு. ஏச்சு எனக்கு. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் அழுததை, புருஷன் மேல் உள்ள பாசத்தில் அழுகிறேன் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். நான் கோபத்தில் அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகாவது விடிவு வந்ததா என்றால், அடுத்த தொல்லை செருப்பில் ஆரம்பித்தது. கட்டைவிரலில் மாட்டுகிற செருப்பு, விரலில்லாத காலில் எப்படி நிற்கும்? நான்கு அடி வைத்தால் கழன்று பின்னால் கிடக்கும். "நிக்க மாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்று மறுபடியும் வெறுங்காலோடு கிளம்பினார். செருப்புத் தைக்கிறவரை வீட்டுக்கே வரவழைத்து, முன்பக்கம் அகலப் பட்டையும் குதிகாலுக்குப் பின்னால் வாரும் வைத்து, உள்ளே ஆணி வராமல் தைக்கச் சொன்னேன். அவரும் சொன்னபடி தைத்துக் கொடுத்தார். இவர் அதைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க போடறதாட்டம் இருக்குது" என்று மூலையில் போட்டார். இருந்த பழைய செருப்புகளையெல்லாம் வாரிக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டேன். தோல் எரிந்த நாற்றம் தெருவரைக்கும் போனது. அதன் பிறகுதான் வார் வைத்த செருப்பு அவர் காலில் ஏறியது.

தினமும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, பின்வாசலில் உட்காரவைத்துக் காலைப் பார்ப்பேன். விரல் விரலாக விலக்குவேன். குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவுவேன், விரலிடுக்கில் தடவ மாட்டேன். நகத்தை ஓரம் தோண்டாமல் நேராக வெட்டுவேன். அவர் ஒவ்வொரு நாளும் முனகினார். "மாட்டுக்கு லாடம் அடிக்கறதாட்டம் புடிக்கிறியே" என்பார். ஊரிலிருந்து வந்த என் நாத்தனார், "இதென்ன மதினி, எங்கண்ணனக் கைக்குழந்தையாட்டம் ஆக்கிட்டீங்க?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் இடது உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அழுக்கு என்றார். தேய்த்தேன், போகவில்லை. கருவேல முள், செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு வந்து உள்ளே ஒடிந்திருந்தது. எத்தனை நேரமாய் அதன் மேல் நடந்தாரோ, அவருக்குத் தெரியாது. அன்றைக்கே கம்பவுண்டரை வரவழைத்து எடுத்து, மருந்து வைத்துக் கட்டி, ஆறும்வரை அவரை நடக்கவிடவில்லை. ஆறியது. "நானே நாளைக்குப் பாத்திருப்பேன்" என்றார்.

அதைவிட என்னை எரியவைத்தது இன்னொன்று. வெண்ணெய் கொண்டுவரும் பெண்கள் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள். ஒருத்தி, தன் மாமனாருக்கும் சர்க்கரை என்று சொல்லியிருக்கிறாள். இவர் பிரசங்கமே செய்துகொண்டிருந்தார்.

"கால்தான் முக்கியம் அம்மணி. தண்ணி பட்டா வெரலிடுக்கத் துடைக்கச் சொல்லு. தெனமும் வெளிச்சத்துல காலைப் பாக்கச் சொல்லு. வலிக்கலையேன்னு உட்டுறக் கூடாது."

"நீங்க சொன்னா சரிங்க பாய்," என்றாள் அவள். "உங்களாட்டம் யாருங்க வெவரமாச் சொல்றாங்க?"

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, இதெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த மாமனார் காலாவது பிழைக்கட்டும்.

அறுபதுகளின் முடிவில் எனக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதே டாக்டர், அதே குண்டூசி. எனக்குக் கொஞ்சம் குத்தியது. இவர் என்னைவிடப் பயந்துபோனார். அன்று சாயங்காலமே பின்வாசலில் முக்காலியைப் போட்டு, "உக்காரு புள்ள, காலைக் காட்டு" என்றார். புருஷன் என் காலைப் பிடிப்பதா என்று கூசினேன். விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தை என் பாதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்குது."

நானே குனிந்து பார்த்தேன். வலது குதிகாலில் நெல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"இது என்னங்க?"

"எது?"

அந்தச் சர்க்கரை அவர் கண்ணையும் மங்கவைத்திருந்தது. அதுவும் வலிக்காமல் வந்ததுதான். எனக்குச் சொல்லவுமில்லை. அவர் கையை எடுத்து வெடிப்பின் மேல் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கே கண்ணு டாக்டருகிட்டப் போறோம்" என்றேன்.

"கண்ணு வலிக்கவே இல்லியே புள்ள" என்றார்.